மின்துறைக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் முறை

2023 ஏப்ரல் 25 அன்று ஸைக்ஸெல் நிறுவனம், தான் தயாரிக்கும் ஃபயர்வால்களில் (நெட்வொர்க்கின் வாயிலில் நின்று போக்குவரத்தை வடிகட்டும் சாதனங்களில்) கடுமையான பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருப்பதாக அறிவித்து, அதை அடைக்கும் பேட்சையும் (திருத்த மென்பொருளையும்) வெளியிட்டது. சிவிஇ-2023-28771 என்ற எண் கொண்ட அந்த ஓட்டைக்குப் பத்துக்கு 9.8 என்ற தீவிர மதிப்பெண் தரப்பட்டது. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ இல்லாமல், யுடிபி 500ஆம் போர்ட்டுக்கு (சாதனத்தின் நெட்வொர்க் நுழைவழிகளில் ஒன்று) ஒரு பாக்கெட்டை (சிறு தரவுத் துண்டை) அனுப்பியே ஃபயர்வாலைக் கைப்பற்ற அது இடம் கொடுத்தது. டென்மார்க்கின் முக்கியக் கட்டமைப்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் செக்டார்செர்ட் அமைப்பு, பேட்சை நிறுவுமாறு தன் உறுப்பினர்களை முன்கூட்டியே எச்சரித்தது. ஆயினும் மே 11 அன்று அந்நாட்டின் 16 எரிசக்தி நிறுவனங்கள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டபோது, அவற்றில் 11 நிறுவனங்களின் ஃபயர்வால்கள் உடனடியாகத் தாக்கியவர்களின் கைக்குப் போயின. மே மாதத்துக்குள் மொத்தம் 22 நிறுவனங்களில் ஊடுருவல் நடந்திருந்தது.

பேட்ச் வெளிவந்து 16 நாட்கள் ஆகியும் அது ஏன் நிறுவப்படவில்லை என்பதை செக்டார்செர்ட் பின்னர் விசாரித்து எழுதியது. ஃபயர்வால் புதிதாக வாங்கியது என்பதால் அதில் அண்மைய மென்பொருள்தான் இருக்கும் என்று சில நிறுவனங்கள் எண்ணியிருந்தன. புதுப்பிப்பது சப்ளையரின் பொறுப்பு என்று சில நிறுவனங்கள் நம்பியிருந்தன. பேட்ச் இலவசம் என்றாலும் அதை நிறுவிக் கொடுக்க சப்ளையர் கட்டணம் கேட்டதால் வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு. இன்னும் சிலருக்குத் தங்கள் நெட்வொர்க்கில் அப்படியொரு சாதனம் இருப்பதே தெரியாது. இந்தக் காரணங்களில் ஒன்றுகூடத் தொழில்நுட்பச் சிக்கல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். துணைமின் நிலையங்களிலும் உற்பத்தி நிலையங்களிலும் ஸ்காடா (தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பு), ஆர்டியூ (களத் தகவலை மையத்துக்கு அனுப்பும் சாதனம்), பிஎல்சி (நிரலால் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி), ரிலே (பழுதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) ஆகியவற்றைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்காகவும், அவற்றை இணைக்கும் நெட்வொர்க்கைக் கவனிப்பவர்களுக்காகவும் எழுதப்படும் இந்த வழிகாட்டி, ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பொறுப்பாளர், ஒவ்வொரு ஓட்டைக்கும் தேதியிட்ட ஒரு முடிவு என்ற அடிப்படையிலேயே எல்லா வேலைகளையும் அடுக்குகிறது. அந்த இரண்டும் இல்லாத இடத்தில் எந்தக் கருவியை விலை கொடுத்து வாங்கினாலும் பயன் குறைவு என்பதே என் உறுதியான கருத்து.

சாதனப் பட்டியல்

முதல் வேலை பட்டியல் தயாரிப்பது. கொள்முதல் கோப்புகளை வைத்து மேசையிலேயே பட்டியல் எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் கோப்பில் இருப்பதும் பேனலில் இருப்பதும் பல நிலையங்களில் ஒத்துப்போவதில்லை. பழுதான ரிலே ஒன்றை அவசரத்தில் வேறு பதிப்புள்ள ஸ்பேர் ரிலேயால் மாற்றியிருப்பார்கள். தற்காலிகமாகப் பொருத்திய மோடம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஆகவே ஒவ்வொரு பேனலின் முன்னும் நின்று, சாதனத்தின் திரையிலிருந்தோ அதன் மென்பொருளிலிருந்தோ பதிப்பு எண்ணைப் படித்து எழுதுவதற்கு மாற்று இல்லை.

தயாரிப்பாளர், மாடல், ஆர்டர் எண், ஐபி முகவரி, பேசும் புரோட்டோகால், இருக்கும் பேனல் ஆகியவற்றோடு ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பதிப்பையும் எழுதும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ரிலேயின் முதன்மைச் செயலிக்கு ஒரு ஃபர்ம்வேரும் அதன் ஈதர்நெட் மாட்யூலுக்குத் தனியாக இன்னொரு ஃபர்ம்வேரும் இருப்பது வழக்கம். பாதுகாப்பு அறிவிப்பு பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியே வரும். முதலாவதை மட்டும் எழுதி வைத்திருந்தால், அறிவிப்பு நமக்குப் பொருந்துமா என்ற கேள்விக்குப் பட்டியலில் விடை கிடைக்காது. இவற்றுடன் கடைசி பேக்கப் எடுத்த தேதி, தயாரிப்பாளரின் ஆதரவு முடியும் தேதி, பராமரிப்பு ஒப்பந்தத்தில் புதுப்பிப்பு சேர்ந்திருக்கிறதா என்ற விவரம், பொறுப்பாளரின் பதவி ஆகியவையும் வேண்டும்.

அலுவலக நெட்வொர்க்கில் பயன்படுத்தும் ஸ்கேனர் மென்பொருளை ஓடும் கட்டுப்பாட்டு நெட்வொர்க்கில் இயக்கக் கூடாது. பழைய ஆர்டியூக்களும் பிஎல்சிக்களும் எதிர்பாராத பாக்கெட்டுகள் வந்தால் திணறி நின்றுவிடக்கூடியவை. ஸ்விட்சின் மிரர் போர்ட்டிலிருந்து (போக்குவரத்தின் நகலைத் தரும் போர்ட்) போக்குவரத்தைக் கேட்டு மட்டும் சாதனங்களை அடையாளம் காணும் முறையும், ஐஇசி 61850 என்ற தகவல்தொடர்புத் தரத்தைப் பின்பற்றும் நிலையங்களில், முழு நிலையத்தின் அமைப்பை விவரிக்கும் எஸ்சிடி கோப்பிலிருந்து சாதன விவரங்களை எடுக்கும் முறையும் பாதுகாப்பானவை. நேரடி ஸ்கேன் தேவைப்பட்டால் அதை ஷட்டவுன் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாதனத்துக்குள் இருக்கும் மென்பொருள் பாகங்களும் பட்டியலில் வர வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற மென்பொருள் நூலகத்தில் (பல மென்பொருள்களுக்குள் பயன்படும் ஆயத்த நிரல் தொகுப்பில்) இருந்த ஓட்டை வெளியானபோது, அந்த நூலகம் தங்களுடைய எந்தெந்த சர்வரில் எந்த மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் பலர் சப்ளையரின் பதிலுக்காகக் காத்திருந்தனர். இனி வாங்கும் எந்த ஸ்காடா மென்பொருளுக்கும் அதன் உட்பாகங்களின் பட்டியலைக் கொள்முதல் நிபந்தனையாகவே கேட்க வேண்டும். பேட்சைச் சோதிப்பது யார், நிறுவுவது யார், அதற்கான செலவு யாருடையது, எத்தனை நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அறிவிப்புகளைப் பின்தொடர்வது

பட்டியலில் உள்ள ஒவ்வொரு தயாரிப்பாளரின் பாதுகாப்பு அறிவிப்புகளும், அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா வெளியிடும் தொழிற்துறைக் கட்டுப்பாட்டு அறிவிப்புகளும், இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அனுப்பும் எச்சரிக்கைகளும் ஒரு குழு மின்னஞ்சல் முகவரிக்கு வந்துசேர ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு தனி நபரின் முகவரிக்கு வந்தால், அவர் இடமாற்றம் ஆன மறுநாளே அந்த வழி அடைபட்டுவிடும்.

கால அளவுக்கு, வட அமெரிக்க மின்கட்டமைப்பில் சட்டப்படி கட்டாயமாக உள்ள நெர்க் அமைப்பின் சிஐபி-007 விதியை முன்மாதிரியாகக் கொள்ளலாம். 35 நாட்களுக்கு ஒருமுறையாவது புதிய பாதுகாப்பு பேட்ச் எதுவும் வந்திருக்கிறதா, அது நமக்குப் பொருந்துமா என்று மதிப்பிட வேண்டும். மதிப்பீடு முடிந்த 35 நாட்களுக்குள் பேட்சை நிறுவ வேண்டும், அல்லது எந்த மாற்று ஏற்பாட்டால் எந்தத் தேதிவரை சமாளிக்கப்போகிறோம் என்ற தேதியிட்ட திட்டத்தை எழுத வேண்டும். எல்லாவற்றையும் 35 நாட்களில் நிறுவச் சொல்லாமல், முடிவை எழுதச் சொல்வதுதான் இந்த விதியின் சிறப்பு. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இங்கு பணிபுரிவோர் அந்த ஆவணத்தையும் அருகில் வைத்துக்கொண்டு தங்கள் நடைமுறையை எழுதுவது நல்லது.

எதை முதலில் அடைப்பது

தீவிர மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துவது மின்துறைக்குப் பொருந்தாது. இதை விளக்க ஒரு ரிலேயின் கதை போதும்.

சீமென்ஸ் சிப்ரோடெக் ரிலேக்களில் பொருத்தப்படும் இஎன்100 ஈதர்நெட் மாட்யூலில் ஓர் ஓட்டை இருப்பது 2015 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. யுடிபி 50000ஆம் போர்ட்டுக்குத் தனியாக உருவாக்கிய ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பினால் சாதனம் பதிலளிக்காத நிலைக்குப் போய்விடும்; ஒருவர் நேரில் சென்று மறுதொடக்கம் செய்தால்தான் மீளும். திருத்திய ஃபர்ம்வேரும் அப்போதே கிடைத்தது. தகவல் திருட்டோ தகவல் மாற்றமோ இதில் இல்லை, சாதனம் நின்றுபோவது மட்டுமே விளைவு என்பதால் மதிப்பெண் 7.8 என்ற அளவில் நின்றது. அலுவலகக் கணினிகளைக் கவனிக்கும் ஒருவர் இதை இரண்டாம் வரிசையில் வைத்திருந்தால் வியப்பில்லை.

2016 டிசம்பர் 17 நள்ளிரவுக்குச் சற்று முன், உக்ரைனின் கீவ் நகருக்கு வடக்கே உள்ள பிவ்னிச்னா 330 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தில் பிரேக்கர்கள் (மின்பாதையைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகள்) திறக்கப்பட்டு, நகரின் ஒரு பகுதி ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருளில் இருந்தது. அந்தத் தாக்குதலுக்குப் பயன்பட்ட இண்டஸ்ட்ராயர் என்ற தீநிரலுக்குள், பேட்ச் வெளிவந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்த அதே இஎன்100 ஓட்டையைத் தாக்கும் பகுதியும் இருந்தது. தாக்கியவர்கள் இலக்கு முகவரிகளைத் தவறான வரிசையில் எழுதியிருந்ததால் அந்தப் பகுதி வேலை செய்யவில்லை என்பதைப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அது வேலை செய்திருந்தால், ஊழியர்கள் கைமுறையாக லைனை மீண்டும் சார்ஜ் செய்யும் நேரத்தில் அதைக் காக்கும் ரிலே செயலற்றுக் கிடந்திருக்கும். பழுது ஏற்பட்டால் டிரிப் கொடுக்க (பிரேக்கரைத் திறக்கச் சொல்ல) எதுவும் இல்லாத நிலையில் லைனை எடுப்பதன் பொருள் என்ன என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனவே ஒவ்வொரு ஓட்டையையும், வெளியிலிருந்து அந்தச் சாதனத்தை அடைய முடியுமா, இந்த ஓட்டையை ஏற்கெனவே யாரேனும் பயன்படுத்திவருகிறார்களா, அந்தச் சாதனம் நின்றாலோ பொய் சொன்னாலோ களத்தில் என்ன ஆகும், அதே வேலையைச் செய்ய வேறு சாதனம் இருக்கிறதா என்ற கேள்விகளால் எடைபோட வேண்டும். இரண்டாவது கேள்விக்கு, பயன்பாட்டில் இருப்பதாக உறுதியான ஓட்டைகளை மட்டும் சேர்த்து சிசா 2021 நவம்பர் முதல் வெளியிட்டுவரும் பட்டியல் நேரடியான விடை தரும். மூன்றாவது கேள்விக்கான விடை ரிலே பாதுகாப்பைக் கவனிக்கும் மின் பொறியாளரிடம்தான் இருக்கிறது. தகவல்தொழில்நுட்பப் பிரிவினர் மட்டும் அமர்ந்து இந்த வரிசையைத் தீர்மானிக்கக் கூடாது.

இப்படி எடைபோட்டால், இணையத்தைப் பார்த்து நிற்கும் ஃபயர்வால், விபிஎன் வாயில், தொலைவிலிருந்து பராமரிக்க உதவும் சர்வர் ஆகியவை எப்போதும் முதலிடத்துக்கு வந்துவிடும். இவற்றை நாட்கணக்கில் முடிக்க வேண்டும். மாதக் கணக்கு இவற்றுக்கு ஆகாது. 2019 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காற்றாலை, சூரிய மின் நிலையங்களை இயக்கும் ஒரு நிறுவனத்தின் ஃபயர்வால்கள், ஏற்கெனவே திருத்தம் வெளிவந்திருந்த ஓட்டை ஒன்றின் வழியே மீண்டும் மீண்டும் ரீபூட் ஆக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே தொடர்பு அறுந்தது, உற்பத்தியும் பாதிக்கப்படவில்லை. ஆனால் மணிக்கணக்கில் இது நடந்துகொண்டிருக்க, கட்டுப்பாட்டு மையம் தன் நிலையங்களை விட்டு விட்டுத்தான் பார்க்க முடிந்தது.

அடுத்த இடம் ஸ்காடா சர்வர்கள், ஆபரேட்டர் கணினிகள், பொறியாளரின் கன்ஃபிகரேஷன் லேப்டாப் ஆகியவற்றுக்கு. லேப்டாப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லா ரிலேக்களின் செட்டிங்கையும் மாற்றக்கூடிய மென்பொருளும் கடவுச்சொற்களும் அதில்தான் இருக்கின்றன. ரிலே, ஆர்டியூ, பிஎல்சி போன்ற களச் சாதனங்கள், வெளியிலிருந்து நேரடியாக எட்ட முடியாதவையாக இருந்தால், அடுத்த திட்டமிட்ட ஷட்டவுன்வரை காத்திருக்கலாம். ஆனால் அந்தக் காத்திருப்பை ஒரு முடிவாகப் பதிவேட்டில் எழுதி, அதுவரையிலான மாற்று ஏற்பாட்டையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

கோப்பைச் சரிபார்ப்பதும் சோதிப்பதும்

பேட்ச் கோப்பு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வந்தது என்பது மட்டும் போதுமான சான்று அல்ல. 2014இல் ஹேவெக்ஸ் தீநிரலைப் பரப்பியவர்கள், தொழிற்துறைச் சாதனங்கள் விற்கும் நிறுவனங்களின் தளங்களுக்குள் புகுந்து, அங்கிருந்த இன்ஸ்டாலர் கோப்புகளிலேயே தீநிரலைச் சேர்த்து வைத்தனர். வாடிக்கையாளர்கள் நம்பிக்கையோடு பதிவிறக்கினர். ஆகவே டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பதும், ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) வேறொரு வழியில், எடுத்துக்காட்டாக ஒப்பந்தத்தில் உள்ள ஆதரவுப் பிரிவின் மூலம், கேட்டு ஒப்பிடுவதும் அவசியம். சரிபார்த்த கோப்பைக் கட்டுப்பாட்டு நெட்வொர்க்குக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் இடையிலுள்ள இடைமண்டல சர்வர் ஒன்றில் வைத்து, அங்கிருந்து மட்டுமே உள்ளே எடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத நிலையங்களில், இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய பென் டிரைவை ஒவ்வொரு முறையும் தனிக் கணினியில் ஸ்கேன் செய்த பின் பயன்படுத்தலாம். ஊழியர்களின் சொந்த பென் டிரைவுக்கு எந்தச் சூழலிலும் இடமில்லை.

சோதிக்காமல் நிறுவினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஹேட்ச் அணுமின் நிலையம் சாட்சி. 2008 மார்ச்சில் அங்கு அலுவலக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அந்தக் கணினி கட்டுப்பாட்டு அமைப்போடு தரவைப் பரிமாறி ஒத்திசைப்பது. அது ரீபூட் ஆனபோது தரவு அழிந்து, குளிர்விக்கும் நீரின் அளவு குறைந்துவிட்டதாகப் பாதுகாப்பு அமைப்பு புரிந்துகொண்டு, இரண்டாவது அலகைத் தானாகவே நிறுத்திவிட்டது. அலகு 48 மணி நேரம் நின்றது. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. வழக்கமான பராமரிப்பு வேலையே இந்த விளைவைத் தந்தது. எந்தக் கணினி எதனோடு பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ரீபூட் பொத்தானைத் தொடக் கூடாது என்பதற்கும், தானியங்கிப் புதுப்பிப்பைக் கட்டுப்பாட்டு நெட்வொர்க்கில் முழுவதுமாக அணைத்து வைக்க வேண்டும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விண்டோஸ் பேட்சுகளைப் பொறுத்தவரை, பெரிய ஸ்காடா தயாரிப்பாளர்கள் மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் வெளியிடுபவற்றைத் தங்கள் மென்பொருளோடு சோதித்து, பொருந்துபவற்றின் பட்டியலை வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியல் வரும்வரை காத்திருப்பது முறை. அதன் பிறகும் நம் நிலையத்தின் அமைப்பில் ஒருமுறை சோதிக்க வேண்டும். தனிச் சோதனைக்கூடம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஸ்பேராக வாங்கி வைத்த ரிலே, ஏற்புச் சோதனைக்கு வந்து மீதமிருக்கும் சர்வர், அல்லது சர்வரின் நகலை ஏற்றிய மெய்நிகர் கணினி ஆகியவை பெரும்பாலான சோதனைகளுக்குப் போதும். அதுவும் இல்லையென்றால், சுமை குறைந்த, மாற்று வழி உள்ள ஒரு ஃபீடரில் தொடங்கி, சில வாரங்கள் கவனித்த பின் மற்றவற்றுக்குச் செல்லலாம்.

ஒரு ரிலேயின் ஃபர்ம்வேரை மாற்றும் நாள்

இந்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நிறுவுதல் என்று ஒரே சொல்லில் கடந்துபோகும் இடத்தில்தான் பெரும்பாலான சிக்கல்கள் இருக்கின்றன.

தேதியை முடிவு செய்யும்போது கோடையின் உச்சத் தேவைக் காலத்தையும் புயல் காலத்தையும் தவிர்த்து, லோடு டிஸ்பாட்ச் மையத்தின் ஒப்புதலோடு, அந்த பேயில் (ஒரு லைனுக்கான கருவிகள் அமைந்த பகுதியில்) ஏற்கெனவே திட்டமிட்டிருக்கும் பராமரிப்பு ஷட்டவுனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மெயின்-1, மெயின்-2 என இரு பாதுகாப்புகள் உள்ள உயர் மின்னழுத்த லைன்களில், ஒன்றை விலக்கி மற்றொன்றின் துணையோடு லைனை ஓடவிட்டபடியே வேலை செய்ய நடைமுறை இடம் தருவதுண்டு. இருப்பினும் ஷட்டவுன் கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் அதற்காகக் காத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

முந்தைய நாளே ரிலேயின் செட்டிங் கோப்பை எடுத்து, அலுவலகத்தில் ஒப்புதல் பெற்ற செட்டிங்கோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால், அதற்குக் காரணம் தெரியும்வரை ஃபர்ம்வேரைத் தொடக் கூடாது. நிகழ்வுப் பதிவுகளையும் பழுது அலைவடிவப் பதிவுகளையும் இறக்கிக்கொள்ள வேண்டும். பல ரிலேக்களில் ஃபர்ம்வேர் மாற்றம் இவற்றை அழித்துவிடும். பழைய பதிப்பின் ஃபர்ம்வேர் கோப்பும் கையில் இருக்க வேண்டும். புதிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்ப முடியாத சாதனங்களும் உண்டு. அது வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருக்கும் என்பதால், அந்தக் குறிப்பை முழுவதும் படித்து, திரும்ப முடியாது என்றால் அதே மாடலில் ஒரு ஸ்பேர் ரிலேயைத் தயாராக வைக்க வேண்டும். ஐஇசி 61850 நிலையம் என்றால், புதிய ஃபர்ம்வேருக்குப் புதிய ஐசிடி கோப்பு (ரிலேயின் திறன்களை விவரிப்பது) தேவையா, அதனால் மற்ற ரிலேக்களுக்குச் செல்லும் கூஸ் செய்திகள் (ரிலேக்கள் தமக்குள் அனுப்பும் அதிவேகச் செய்திகள்) மாறுமா என்பதை நிலைய ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

அன்று, லைன் கிளியர் (லைனில் வேலை செய்வதற்கான அனுமதி) பெற்ற பின், டிரிப் லிங்குகளையும் பிரேக்கர் ஃபெயிலியர் (பிரேக்கர் திறக்காவிட்டால் அடுத்தவற்றைத் திறக்கும் பாதுகாப்பு) தொடக்க லிங்குகளையும் திறந்து, சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) சுற்றை டெஸ்ட் பிளாக்கில் ஷார்ட் செய்து ரிலேயைத் தனிமைப்படுத்த வேண்டும். ஸ்காடா அறையில் இருப்பவருக்கு, இந்த பேயிலிருந்து அலாரங்கள் வரும், அவற்றைப் புறக்கணிக்கவும் என்று சொல்லிப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ரிலேக்கு வரும் டிசி சப்ளை அப்லோடு நடக்கும்போது அறுந்தால் ரிலே மீளாமல் போகக்கூடும். எனவே அதே நேரத்தில் பேட்டரி வேலை எதுவும் நடக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பை மின் இணைப்போடு வைத்து, அதன் உறக்க நிலையை அணைத்து, ரிலேயுடன் நேரடிக் கேபிளில் இணைத்த பின்னரே அப்லோடைத் தொடங்க வேண்டும்.

ரிலே மீண்டும் எழுந்து பச்சை விளக்கு எரிவதோடு வேலை முடிவதில்லை. புதிய பதிப்பு எண்ணைத் திரையில் படித்து எழுத வேண்டும். செட்டிங்கை மீண்டும் இறக்கிப் பழைய கோப்போடு ஒப்பிட வேண்டும். புதிய ஃபர்ம்வேர் சேர்த்த புதிய அளவுருக்கள் அவற்றின் இயல்பு மதிப்பில் அமர்ந்திருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடவுச்சொல் தொழிற்சாலை மதிப்புக்குத் திரும்பியிருக்கிறதா, முன்பு நாம் அணைத்து வைத்த வெப் சர்வரோ டெல்நெட்டோ மீண்டும் உயிர்பெற்றிருக்கிறதா என்பதையும் பார்க்காமல் விட்டால், ஓர் ஓட்டையை அடைக்கப்போய் இன்னொன்றைத் திறந்தவர்களாவோம். பிறகு செகண்டரி இன்ஜெக்ஷன் கருவியால் கரண்ட் செலுத்தி, இயங்கும் ஒவ்வொரு பாதுகாப்புச் செயல்பாடும் சரியான நேரத்தில் டிரிப் தருகிறதா என்று பார்த்து, பிரேக்கர் நிலை, அளவீடுகள், அலாரங்கள் ஆகியவை ஸ்காடா திரையில் சரியாக வருகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, நேர ஒத்திசைவையும் உறுதி செய்ய வேண்டும். லிங்குகளை மூடும் முன் டிரிப் தொடர்பில் மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரால் அளக்க வேண்டும்.

ஸ்காடா சர்வர்களுக்கு இந்த அளவு சிரமம் இல்லை. முதன்மை, காத்திருப்பு என இரண்டு சர்வர்கள் இருக்கும்போது, காத்திருப்பு சர்வரை முதலில் புதுப்பித்து, பணியை அதற்கு மாற்றி, சில நாட்கள் ஓடவிட்ட பின் மற்றதைப் புதுப்பிக்க வேண்டும். தொடங்கும் முன் முழு வட்டு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து சர்வரை மீட்க முடிகிறதா என்று உண்மையிலேயே மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பேட்ச் போட முடியாதபோது

ஷட்டவுன் கிடைக்காது, தயாரிப்பாளர் இன்னும் திருத்தம் தரவில்லை, அல்லது சாதனத்துக்கு ஆதரவே முடிந்துவிட்டது என்ற நிலைகள் இத்துறையில் அன்றாடம் வருபவை. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அதில் ஓடும் ஆபரேட்டர் கணினிகளை இன்றும் காணலாம். இத்தகைய இடங்களில் ஓட்டையைத் தொட முடியாவிட்டாலும், அதை நோக்கி வரும் வழியை மூடலாம். இஎன்100 ஓட்டையை எடுத்துக்கொண்டால், யுடிபி 50000ஆம் போர்ட்டை நிலைய ஃபயர்வாலில் தடுப்பதே முதல் மாற்று ஏற்பாடு. பொறியாளரின் கணினியைத் தவிர வேறெதுவும் ரிலேயின் பராமரிப்புப் போர்ட்டைத் தொட முடியாதபடி அணுகல் பட்டியல் அமைப்பது, தேவையற்ற சேவைகளை அணைப்பது, பழைய விண்டோஸ் கணினிகளில் அனுமதித்த நிரல்கள் மட்டுமே இயங்கும்படி செய்வது, அந்த ஓட்டையைத் தேடி வரும் பாக்கெட்டைக் கண்டால் எச்சரிக்கை தரும் விதியைக் கண்காணிப்புக் கருவியில் சேர்ப்பது ஆகியவை அடுத்தவை.

கையால் திருப்பும் சாவிகளும் இதில் அடக்கம். 2017இல் சவுதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில் டிரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கன்ட்ரோலரைத் தாக்கியவர்களால் அதன் நினைவகத்தில் எழுத முடிந்ததற்கு, கன்ட்ரோலரின் சாவி நிரல் எழுதும் நிலையிலேயே விடப்பட்டிருந்ததும் ஒரு காரணம். சாவியை ஓடும் நிலைக்குத் திருப்பி எடுத்து வைப்பதற்குச் செலவும் இல்லை, ஷட்டவுனும் தேவையில்லை. ஒவ்வொரு ஷிப்ட் மாற்றத்திலும் சாவி நிலையைப் பார்த்துக் கையெழுத்திடும் பழக்கத்தை ஏற்படுத்திவிடலாம்.

மாற்று ஏற்பாட்டுக்குப் பதிவேட்டில் ஒரு பொறுப்பாளரும், மறுபரிசீலனைக்கு ஒரு தேதியும், நிரந்தரத் தீர்வு எந்த ஷட்டவுனில் அல்லது எந்த ஆண்டு பட்ஜெட்டில் வரும் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். அந்தத் தேதி வரும்போது, தடுப்பு விதி இன்னும் ஃபயர்வாலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே நீட்டிப்பு தரலாம். வேறொரு வேலைக்காக விதிகளைத் திருத்தியவர் அதை அறியாமல் நீக்கியிருப்பது அரிதல்ல.

ஓட்டை பயன்பாட்டில் இருக்கும்போது

வாயிலில் நிற்கும் சாதனம் ஒன்றின் ஓட்டை உலகெங்கும் தாக்கப்பட்டுவருகிறது என்ற செய்தி வந்தால் மேற்சொன்ன வரிசை எதுவும் பொருந்தாது. முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், பேட்ச் அடுத்தது. டென்மார்க்கிலும் சில நிறுவனங்கள் இணையத் தொடர்பை முற்றிலும் அறுத்துக்கொண்டு தனித்தீவு நிலையில் இயங்கின. அந்த நிலையில் தொலைவிலுள்ள நிலையங்களுக்கு ஆட்களை நேரில் அனுப்பிக் கைமுறையாக இயக்க வேண்டிவரும் என்பதால், யார் எந்த நிலையத்துக்குப் போவார், எந்தத் தொலைபேசியில் பேசுவார், வெளித்தொடர்பு இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை அமைதியான நாளிலேயே எழுதி ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனின் மூன்று விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு ஏறக்குறைய 2,25,000 வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தபோது, சில மணி நேரத்தில் மீள முடிந்தது ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் சென்று பிரேக்கர்களைக் கையால் மூடியதால்தான்.

பேட்ச் நிறுவியதும், அதற்கு முன்பே யாரேனும் உள்ளே வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே நுழைந்தவரைப் பேட்ச் வெளியேற்றாது. ஃபயர்வாலில் நாம் உருவாக்காத கணக்குகள், நாம் எழுதாத விதிகள், அறியாத முகவரிகளுக்குச் செல்லும் இணைப்புகள் ஆகியவற்றைத் தேடி, கன்ஃபிகரேஷனைச் சேமித்து வைத்த நகலோடு ஒப்பிட்டு, அந்தச் சாதனத்தின் வழியே சென்ற எல்லாக் கடவுச்சொற்களையும் விபிஎன் சான்றிதழ்களையும் மாற்ற வேண்டும். ஐயம் தீராவிட்டால் சாதனத்தை முழுவதும் அழித்து, சரிபார்த்த ஃபர்ம்வேரிலிருந்து மீண்டும் அமைக்க வேண்டும். அழிக்கும் முன் பதிவுகளை வெளியே எடுத்து வைக்க மறக்கக் கூடாது: செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவின்படி, இந்தியாவில் இத்தகைய சம்பவத்தை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்கவும் வேண்டும்.